மலைக்காடும் நம் வாய்க்காலும்: வாசகர் கேள்வி - பதில்

ஆடிப்பெருக்கு அன்று படித்துறையில் இறங்கியவர்கள் கண்ட செந்நிறப் புதுவெள்ளத்தைப் பற்றிச் சென்ற இதழில் இரண்டு வரி எழுதியிருந்தோம். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள் மற்றக் கேள்விகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டன. ஏறக்குறைய எல்லாமே காவிரிக்குத் தண்ணீர் தரும் மலைகளின் காட்டைப் பற்றியவை. எனவே இம்முறை பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

புதுவெள்ளம் சிவப்பாக வருவது மலையில் காடு அழிந்துவிட்டதற்கு அடையாளம் என்கிறான் என் பேரன். நான் சிறுவனாக இருந்தபோதும் அது சிவப்பாகத்தான் வந்தது. யார் சொல்வது சரி?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், திருவையாறு

இருவர் சொல்வதிலும் பாதி சரி. குடகு, வயநாடு, நீலகிரி, ஆனைமலை ஆகியவற்றின் மண் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஆற்றோடு இறங்கிப் படிந்த நிலத்தில் நின்றுகொண்டுதான் நீங்களும் உங்கள் பேரனும் வாதிடுகிறீர்கள். காடு அடர்ந்திருந்த காலத்திலும் மழை மண்ணை அரித்தது. அரித்திராவிட்டால் தஞ்சாவூருக்கு வண்டல் ஏது? ஆகவே நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. தண்ணீர் எவ்வளவு அவசரமாக இறங்குகிறது, எத்தனை மாதம் நீடிக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். சருகும் வேரும் புல்லும் மூடாக்காகக் கிடக்கும் சரிவில் விழும் மழையில் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்கி, ஊற்றாகவும் ஓடையாகவும் மாதக்கணக்கில் வெளிவரும். மூடாக்குப் போன சரிவில் அதே மழை மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு சில மணி நேரத்தில் ஆற்றில் விழுந்துவிடும். மழையைத் தருவது தென்மேற்குப் பருவக்காற்று. அந்த மழையைச் சம்பாவுக்கும் தாளடிக்கும் உதவும்படி நிறுத்தி நிதானமாக விடுவதில்தான் காட்டின் பங்கு பெரிது.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பிறகு, கனமான மணலும் வண்டலும் நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடுகின்றன. நமக்கு வருவது நீரில் மிதக்கும் நுண்ணிய களியும், அணைக்குக் கீழே பவானி, நொய்யல், அமராவதி, கொல்லிமலையின் ஐயாறு முதலியவை கொண்டுவந்து சேர்ப்பதும்தான். (கொல்லிமலை ஐயாறு வேறு, உங்கள் ஊர்ப் பெயரில் உள்ள ஐந்து ஆறுகள் வேறு, இதையும் ஒருவர் கேட்டிருந்தார்.)

ஆங்கிலேயர் வருவதற்கு முன் காடு எல்லோருக்கும் பொதுவாக இருந்தது, யாரும் அதை அழிக்கவில்லை என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். உண்மையா?
— வாசகி, மயிலாடுதுறை

உங்கள் ஊரைச் சுற்றியே திருவெண்காடு, தலைச்சங்காடு என்று ஊர்ப்பெயர்கள் இருக்கின்றன. சற்றுத் தெற்கே போனால் திருமறைக்காடு. அந்தக் காடுகளெல்லாம் எங்கே போயின? வயலாயின, ஊராயின. அதைச் செய்தவர்கள் நம் முன்னோர்கள். பூம்புகாரின் தெருக்களில் குவிந்திருந்த பொருள்களைச் சொல்லும் பட்டினப்பாலை, குடமலையில் பிறந்த ஆரத்தையும் (சந்தனம்) அகிலையும் அவற்றோடு சேர்த்தே சொல்கிறது. மேற்கு மலையின் சந்தனம் கடற்கரைச் சந்தைக்கு வந்து சேர்ந்ததென்றால், அதை வெட்டியவர், சுமந்தவர், சுங்கம் வாங்கியவர் என எல்லோரும் இருந்திருக்க வேண்டும். எனவே ‘யாரும் தொடாத காடு’ என்பது மேடைக்கு அழகான பேச்சு, அவ்வளவுதான்.

ஆனால் கட்டுப்பாடு இருந்தது என்பது உண்மை. சங்கப் பாட்டில் வரும் தினைப்புனம், மலைச்சரிவில் ஒரு துண்டை எரித்து, சில போகம் பயிரிட்டு, பிறகு பல ஆண்டு காட்டுக்கே விட்டுவிடும் முறை. கொல்லிமலையில் மண்வெட்டியால் கொத்திப் பயிரிடும் சரிவு நிலத்தை இன்றும் கொத்துக்காடு என்கிறார்கள். ஆள் குறைவாகவும் நிலம் மிகுதியாகவும் இருக்கும்வரை இந்த முறையில் காடு திரும்பி வந்துவிடும். இடைவெளி குறைந்தால் வராது. குடகில் ஊருக்கு ஊர் தேவரகாடு (தெய்வத்துக்கென்று விட்ட காடு) உண்டு; ஏறக்குறைய 1,200 தோப்புகள் கணக்கில் இருக்கின்றன. அங்குள்ள அய்யப்பனுக்கு மண்ணால் செய்த நாய்களைக் காணிக்கையாக வைப்பார்கள். நம் ஊர் அய்யனாருக்கு மண்குதிரை வைப்பவர்களுக்கு அது புதிதாகத் தோன்றாது. 1905ஆம் ஆண்டுக் கணக்கில் 15,000 ஏக்கருக்கு மேல் இருந்த அத்தோப்புகள் 1985இல் 6,300 ஏக்கர் அளவுக்குச் சுருங்கிவிட்டன. தெய்வத்தின் பெயரில் விட்டதையும் காப்பித் தோட்டமும் குடியிருப்பும் ஓரம் ஓரமாகக் கடித்துவிட்டன.

என் கொள்ளுத்தாத்தா ரயிலுக்கு விறகு ஏற்றும் வேலை பார்த்ததாக வீட்டில் சொல்வார்கள். ரயில் விறகில் ஓடியதா? அதற்கும் மலைக்காட்டுக்கும் தொடர்பு உண்டா?
— ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், நாகப்பட்டினம்

ஓடியது. தொடர்பும் நெருக்கமானது, தென்னிந்தியாவில் வனத்துறை என்று ஒன்று பிறந்ததற்கே ரயில் ஒரு முக்கியக் காரணம். 1856இல் ராயபுரத்திலிருந்து சென்னை மாகாணத்தின் முதல் ரயில் புறப்பட்டது. 1861, 1862 ஆண்டுகளில் உங்கள் நாகப்பட்டினம் தஞ்சாவூரோடும் திருச்சிராப்பள்ளியோடும் இணைக்கப்பட்டது. இருப்புப்பாதை ஒரு மைலுக்கு 1,760 முதல் 2,000 குறுக்குக் கட்டைகள் தேவைப்பட்டன. வெயிலிலும் மழையிலும் கரையானிலும் அவை சில ஆண்டுகளில் உளுத்துப்போக, மறுபடி மாற்ற வேண்டும். 1850களில் சென்னை மாகாணத்தில் மட்டும் ஆண்டுக்கு 35,000 மரங்கள் இந்தக் கட்டைகளுக்காகவே வெட்டப்பட்டன என்பது அக்காலக் கணக்கு. இன்ஜினுக்கு விறகு தனி. நிலக்கரி தெற்கே எளிதாகக் கிடைக்காத காலத்தில், பாதை சென்ற வழியெல்லாம் புதர்க்காடும் குன்றுக்காடும் கொதிகலனுக்குள் போயின.

அதே 1856இல்தான் ஹியூ கிளெக்ஹார்ன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். அவரைப் பற்றி எனக்கு எப்போதும் இருமனம் உண்டு. காட்டை அழித்தால் ஊற்று வற்றும், மண் கெடும் என்று எச்சரித்து 1851இல் பிரிட்டிஷ் அறிவியல் மன்றத்துக்கு அளிக்கப்பட்ட அறிக்கையில் அவருடைய கை இருந்தது. மலையையும் ஆற்றையும் சேர்த்து யோசிக்கத் தெரிந்தவர் அவர். ஆனால் பதவியில் அமர்ந்த பிறகு அவர் மேசைக்கு வந்த கோரிக்கைகள் ரயிலுக்குக் கட்டை, கப்பலுக்குத் தேக்கு, பட்டாளத்துக்கு விறகு என்றே இருந்தன. ஒப்பந்தக்காரர்களுக்கு அனுமதிச் சீட்டும் தேக்குத் தோட்டங்களும் கொண்டுவந்தார். காட்டை எரித்துப் பயிரிடும் மலைவாசிகளின் முறை 1860இல் கட்டுப்படுத்தப்பட்டதிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஆயிரக்கணக்கான மரம் கேட்ட ரயிலை நிறுத்த முடியவில்லை. அரை ஏக்கர் எரித்த குறவனையும் சோளகனையும் நிறுத்த முடிந்தது.

அந்தத் தேவையின் இன்னொரு எச்சம் நம் கண்முன்னே நிற்கிறது. கடலோர மணல்மேட்டில் சவுக்குத் தோப்பு போடும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் கிழக்குக் கரையில் பரவியதற்கு ரயில் விறகும் ஒரு காரணம். இன்று பந்தற்காலுக்கும் சாரத்துக்கும் வெட்டுகிறோம்.

பச்சைமலை அடிவாரம் என் மாமியாரின் பிறந்த ஊர். அங்கே ‘காப்புக்காடு’ என்று பலகை நிற்கிறது. ஊர்ப் பெரியவர்களோ ‘ரிசர்வ் ஆவதற்கு முன் அது எங்கள் காடு’ என்கிறார்கள். ஒரு காடு எப்படிக் காப்புக்காடு ஆகிறது? அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறதா?
— வாசகி, மன்னார்குடி

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். இன்று மலையில் நடக்கும் வழக்குகளில் பாதிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம்தான் இன்றைக்கும் தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரில் நடைமுறையில் இருக்கிறது. அதன் 4ஆம் பிரிவின்படி அரசு, இன்ன எல்லைக்குட்பட்ட நிலத்தைக் காப்புக்காடாக்கப் போகிறோம் என்று அரசிதழில் அறிவிக்கும். வன நிர்ணய அலுவலர் ஒருவர் நியமிக்கப்படுவார். அவர் 6ஆம் பிரிவின்படி ஊரில் அறிவிப்புச் செய்து, நிலத்திலோ பாதையிலோ மேய்ச்சலிலோ நீரிலோ உரிமை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்குக் குறையாத தவணைக்குள் முறையிட வேண்டும் என்பார். வந்த முறையீடுகளை விசாரித்துச் சிலவற்றை ஏற்பார், சிலவற்றைத் தள்ளுவார், சிலவற்றுக்கு ஈடு கொடுப்பார். எல்லாம் முடிந்தபின் 16ஆம் பிரிவின்படி அது காப்புக்காடு ஆகும். அதன்பிறகு, அனுமதிக்கப்பட்டது தவிர மற்றவை எல்லாம் குற்றம்.

ஏட்டில் படித்தால் முறையாகத்தான் இருக்கிறது. ஆனால் முறையிட வேண்டியவர் யார்? பட்டா என்பதையே பார்த்திராத மலைக்குடிகள். அரசிதழ் படிக்கத் தெரியாதவர்கள். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வரும் சரிவை ‘என் நிலம்’ என்று எந்த எல்லைக்கல்லையும் காட்டி நிரூபிக்க முடியாதவர்கள். புனம் எரித்துப் பயிரிடுவதை அந்தக் காலச் சட்டம் உரிமையாகவே கருதவில்லை. அரசு மனம்வைத்தால் விட்டுவைக்கும் சலுகை என்றுதான் கருதியது. இச்சட்டம் வருவதற்கு முன் சென்னை அரசுக்குள்ளேயே இதில் கருத்துவேறுபாடு இருந்தது. ஊரைச் சுற்றிய காடுகளில் ஊராருக்கு நெடுங்கால உரிமை உண்டு, எல்லாவற்றையும் அரசுடைமை என்று சொல்லிவிட முடியாது என்று வருவாய் வாரியம் வாதிட்டது. அந்த வாதம் தோற்றது. கொல்லிமலை போன்ற இடங்களில் மேல்தளத்து வயலும் புஞ்சையும் பட்டாவாக நிற்க, சுற்றியிருந்த சரிவுகள் காப்புக்காடாயின. மேய்ச்சலுக்கு வரி, விறகுச்சுமைக்குச் சீட்டு, கடுக்காய்க்கும் புளிக்கும் தேனுக்கும் குத்தகை என்று ஆனது. அபராதம் கட்டிய ரசீதுகள்தாம் பல குடும்பங்களில் அந்தக் காட்டில் அவர்கள் இருந்ததற்கு எஞ்சிய ஒரே ஆதாரம் என்பது வேடிக்கையும் வேதனையும் கலந்த செய்தி.

இடையில் மாற்றுச் சிந்தனை இல்லாமலில்லை. வேளாண்மையை ஆராய வந்த வோல்க்கர் 1893இல் வெளிவந்த தம் அறிக்கையில், ஊருக்கு அருகிலேயே விறகுக்காடும் தீவனக்காடும் வளர்த்துக் கொடுத்தால் மக்கள் சாணத்தை எரிக்காமல் வயலுக்குப் போடுவார்கள் என்று எழுதினார். (வரட்டி தட்டிய நம் வீடுகளுக்கும் பொருந்தும் பேச்சு.) 1913ஆம் ஆண்டு வனக் குழுவின் விசாரணைக்குப் பிறகு மாகாணத்தின் சில பகுதிகளில் வனப் பஞ்சாயத்துகள் அமைந்தன, ஊராரே காவலும் மேய்ச்சல் முறையும் பார்த்துக்கொண்டார்கள். அது நிலைக்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு சட்டங்கள் இன்னும் இறுகின. 1976இல் காடு மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போனது; 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காட்டு நிலத்தை வேறு பயனுக்குத் தர மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும் என்றானது. 1997இல் ஜப்பானியக் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் அடிவார ஊர்களில் கிராம வனக் குழுக்களை அமைத்துத் தடுப்பணைகளையும் கட்டியது. உங்கள் மாமியார் ஊரில் அந்தக் காலத்துத் தடுப்பணை ஏதேனும் இருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள். 2006இல் வன உரிமைச் சட்டம் வந்து, பழைய உரிமை மறுப்பை ‘வரலாற்று அநீதி’ என்று தன் முகவுரையிலேயே ஒப்புக்கொண்டது. ஆனால் நீதிமன்றத் தடை காரணமாகத் தமிழ்நாட்டில் 2016 வரை பட்டா வழங்க முடியவில்லை. ஆகவே பலகையும் உண்மை, பெரியவர்கள் சொல்வதும் உண்மை. அச்சட்டத்தின்படி கிராமசபை வழியாக அவர்கள் இன்னும் மனுச் செய்யலாம்.

எங்கள் பக்கத்துப் புதுக்கோட்டைச் சீமையில் தைல மரம் நிலத்தடி நீரைக் குடித்துவிட்டது என்கிறார்கள். இதை முதலில் ஊட்டியில் நட்டது ஏன்? தெரிந்தேதான் நட்டார்களா?
— விவசாயி, பட்டுக்கோட்டை

ஊட்டியில் அது வந்த காரணம் மிகச் சாதாரணமானது: அடுப்புக்கு விறகு. கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் கோத்தகிரிப் பக்கம் ஏறிய பிறகு, சில ஆண்டுகளில் மலைமேல் வெள்ளையர் குடியிருப்பு வளர்ந்தது. குளிருக்கு நெருப்பு மூட்ட, பள்ளங்களில் இருந்த சோலைக்காட்டை வெட்டினார்கள். சோலை மரம் மெதுவாக வளர்வது. வெட்டினால் எளிதில் திரும்பாது. ஆகவே 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து விரைவாக வளரும் இரண்டு இன மரங்கள் வந்தன. மலைக்காரர்கள் ஒன்றைக் கற்பூர மரம் (நீங்கள் சொல்லும் தைல மரத்தின் இனம்) என்றும் மற்றொன்றைச் சீகை மரம் என்றும் சொல்கிறார்கள்.

பெரும் பிழை அதற்குப் பின்னால் நடந்தது. சோலைகளுக்கு இடையே குன்றுகளின் முதுகில் பரந்திருந்த புல்வெளியை வந்தவர்கள் தரிசு என்று எழுதிவைத்தார்கள். தோடர்களின் எருமைகள் மேய்ந்ததும், அவர்கள் கணக்குப் பார்த்து எரித்துப் பராமரித்ததும் அந்தப் புல்வெளியைத்தான். பவானிக்கும் பைக்காராவுக்கும் தண்ணீரைப் பஞ்சுபோல் பிடித்துவைத்துக் கசியவிட்டதும் அந்தப் புல்வெளியும் அதன் மடியிலிருந்த சதுப்பும் சோலையும்தான். ‘தரிசு’ என்று ஒருமுறை பதிவேட்டில் ஏறிவிட்டால் அதில் எதையும் நடலாம். சுதந்திரத்துக்குப் பிந்தைய ஐந்தாண்டுத் திட்டங்களில், தோல் பதனிடச் சீகைப் பட்டைக்கும், செயற்கை இழைக்குக் கூழாகக் கற்பூர மரத்துக்கும் புல்வெளிகள் ஆயிரக்கணக்கான ஏக்கரில் தோட்டமாயின. வெள்ளையர் தொடங்கியதை நாம்தான் பல மடங்காக்கினோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நீரைப் பற்றிய சான்று பிறகு வந்தது. ஊட்டியிலுள்ள மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆய்வு மையம் கிளன்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை 1968 முதல் அளந்தது. ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றொன்றில் பிறகு கற்பூர மரம் நட்டது. முதல் பத்தாண்டுச் சுற்றில் மரம் நட்ட ஓடையின் நீர்வரத்து சுமார் 16 விழுக்காடு குறைந்தது. மரத்தை வெட்டி, கரும்பில் விடுவதுபோல மறுதாம்பு விட்ட இரண்டாம் சுற்றில் குறைவு சுமார் 25 விழுக்காடு ஆனது. கோடையில் ஓடும் நீரில் அடி இன்னும் பலமாக விழுந்தது.

இந்த எண்ணை அப்படியே புதுக்கோட்டைக்குப் பொருத்தக் கூடாது. அங்கே மழையும் மண்ணும் வேறு. 1974இல் தொடங்கிய தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் காகிதக் கூழுக்காகப் பெருமளவில் தைல மரம் வளர்க்கும் செம்மண் மேட்டில் வரப்பு வெட்டி மழைநீரைத் தோட்டத்துக்குள்ளேயே தேக்கிவிடுவதால் கீழேயுள்ள கண்மாய்க்கு வரத்து நின்றுவிடுகிறது என்பதுதான் ஊராரின் முதல் குறை. அது மரம் குடிப்பதைவிட வரப்பு மறிப்பதைப் பற்றிய வழக்கு. இரண்டையும் பிரித்துப் பேசினால் உங்கள் பக்கம் வலுவாகும்.

1988ஆம் ஆண்டுத் தேசிய வனக் கொள்கை, மலைக்காட்டை வருமான மூலமாகப் பார்க்கக் கூடாது என்றது. நீலகிரியில் புதிய தோட்டங்கள் போடுவது நின்றது. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் களைத்தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. ஆனால் சீகை விதை மண்ணுக்குள் பல்லாண்டு உறங்கும். ஒரு முறை வெட்டினால் ஆயிரம் கன்று முளைக்கும். சில இடங்களில் அந்தச் சீகை நிழலிலேயே சோலைக் கன்றுகள் மெல்லத் தலைகாட்டுகின்றன. அவசரப்பட்டு மொத்தமாக வெட்டுவதும் ஆபத்து என்று சொல்பவர்கள் அதைத்தான் சுட்டுகிறார்கள்.

டிகிரி காபி குடிக்கும் ஊர்க்காரி நான். நாங்கள் குடிக்கும் காபிக்காகத்தான் குடகுக் காடு அழிந்ததாக என் மகள் குற்றம் சாட்டுகிறாள். தினமும் காலையில் சண்டை. தீர்த்துவையுங்கள்.
— இல்லத்தரசி, கும்பகோணம்

டம்ளரைக் கீழே வைக்க வேண்டியதில்லை; ஆனால் மகள் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள். 1834இல் குடகு ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1850களில் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் பெருங்காட்டை வெட்டிக் காப்பி போட்டார்கள். நம் பக்கத்தில் சேர்வராயன் மலையில் அதற்கும் முன்பே, 1820களில், சேலம் ஆட்சியர் காக்பர்ன் காலத்தில் காப்பி வந்துவிட்டது. ஆனால் காப்பி, தேயிலையைப்போல முழு வெயில் கேட்கும் பயிர் அல்ல. குடகில் பெரும்பாலும் நிழல்மரத்துக்கு அடியில்தான் வளர்கிறது. அத்தி, பலா, ஈட்டி, வேங்கை என்று பழைய காட்டு மரங்கள் தோட்டத்துக்குள் நின்றன. மேலிருந்து பார்த்தால் காடுபோலவே தெரியும். ஓரளவு காட்டின் வேலையையும் செய்யும்.

இங்கேதான் சட்டத்தின் விளையாட்டு. குடகில் நெல்வயலோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட ‘பாணெ’ என்னும் மரக்காட்டு நிலங்கள் உண்டு. தழைக்கும் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் என்று விடப்பட்ட அவற்றில்தான் பின்னாளில் காப்பி ஏறியது. அப்படிப்பட்ட பல நிலங்களில், மரத்துக்குரிய விலையை அரசுக்குச் செலுத்தி விடுவிக்காதவரை, அங்கே தானாக வளர்ந்த மரம் அரசுக்கே சொந்தம். நிலம் உங்களுடையது, அதில் நிற்கும் ஈட்டி உங்களுடையதல்ல என்றால் அதன் கன்றை யார் பேணுவார்கள்? ஆஸ்திரேலிய சில்வர் ஓக்கை நட்டால் தடையின்றி வெட்டி விற்கலாம், மிளகுக் கொடியும் ஏறும். விளைவாக, பல்வகை மரங்கள் இருந்த நிழல் ஒரே வகை மரத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறது. காட்டைக் காக்கப் போட்ட விதி, காட்டு மரத்தை வேண்டாத விருந்தாளியாக்கிவிட்டது. மகளிடம் இதைச் சொல்லுங்கள். காப்பியைவிட இந்தக் கணக்குத்தான் பெரிய குற்றவாளி என்பது என் எண்ணம்.

2018 ஆகஸ்டில் குடகில் மலைச்சரிவுகள் பெயர்ந்து விழுந்தன. பெய்தது அசாதாரண மழைதான். ஆயினும் வீட்டுக்கும் சாலைக்கும் விடுதிக்கும் சரிவை நேர்க்குத்தாக வெட்டியதும் காரணங்களுள் ஒன்று என்று ஆய்ந்தவர்கள் சொன்னார்கள். அதே மாதம் 22ஆம் தேதி இரவு, பெருக்கெடுத்து வந்த நீரில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த பழைய மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஆர்தர் காட்டன் 1836இல் எழுப்பிய அணை அது.

வீட்டுக் கொல்லையில் தானாக ஒரு சந்தனக் கன்று முளைத்திருக்கிறது. வைத்திருக்கலாமா? பிடுங்கிவிடச் சொல்கிறார்கள்.
— வாசகர், பாபநாசம்

தாராளமாக வளர்க்கலாம். ஆனால் உங்கள் சொந்த நிலத்தில் நின்றாலும் வனத்துறை அனுமதியின்றி வெட்டக் கூடாது. சந்தனத்தை அரசுக்குரிய மரமாக்கியது பழைய வழக்கம். மைசூரில் திப்பு சுல்தான் 1792இல் அப்படி அறிவித்ததாகச் சொல்வார்கள். பிடுங்கிவிடச் சொல்பவர்கள் சந்தனத்துக்கு அஞ்சவில்லை, திருட்டுக்கும் விசாரணைக்கும் அஞ்சுகிறார்கள். மேலேயுள்ள குடகு ஈட்டியின் கதையேதான் இதுவும்.

எங்கள் இளைஞர் சங்கம் மழைக்கு முன் கொல்லிமலைக்கோ நீலகிரிக்கோ போய்ப் பத்தாயிரம் விதைப்பந்து வீசலாம் என்று திட்டமிட்டிருக்கிறது. ஆலோசனை கூறுங்கள்.
— சங்கச் செயலாளர், திருத்துறைப்பூண்டி

நோக்கம் நல்லது, போக வேண்டாம் என்பதே என் ஆலோசனை. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். அதைவிட முக்கியம், நீங்கள் எறியும் இடம் புல்வெளியாக இருந்தால் அங்கே மரம் வேண்டியதில்லை. மரம் வேண்டிய இடமாக இருந்தால், அங்கே விதைக்குப் பஞ்சமிருக்காது. உண்ணிச்செடி அடர்ந்து மூடியிருப்பதாலும், ஆண்டுதோறும் தீப்படுவதாலும் முளைத்தது நிலைப்பதில்லை. முதுமலையில் அழகுக்கும் நிழலுக்கும் என்று கொண்டுவந்த மஞ்சள் கொன்றை காட்டையே மூடிவிட்டதால், அதை வெட்டிக் கரூர்க் காகித ஆலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் ஒரு காலத்தில் நல்லெண்ணத்தோடு நட்டதுதான்.

தீயைப் பற்றிக் கருநாடகத்தின் பிளிகிரிரங்கன் மலைச் சோளகர்கள் நெடுநாளாக ஒன்று சொல்கிறார்கள். கோடையின் தொடக்கத்தில் சருகை மட்டும் எரிக்கும் சிறு தீயைத் தாங்கள் மூட்டிவந்தவரை உண்ணி பெருகவில்லை. 1974இல் அது சரணாலயமாகித் தீ தடை செய்யப்பட்ட பிறகுதான் புதர் ஆள் உயரத்துக்கு எழுந்தது என்பது அவர்களுடைய அனுபவம். அந்த மலையின் நீரும் காவிரிக்கே வருகிறது. 2011இல், புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் சமூக வன உரிமை பெற்ற முதல் மக்கள் அவர்கள்தாம்.

உங்கள் சங்கத்துக்கு வேலை வேண்டுமென்றால் பேருந்து பிடிக்க வேண்டாம். மிதிவண்டி தூரத்தில் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு இருக்கிறது. அங்கும் இதே வனத்துறை கூப்புக் கூப்பாக (வெட்டுவதற்கென்று பிரித்த துண்டு துண்டாக) ஒட்ட வெட்டி விறகு விற்றது. வெட்டிய திட்டுகளில் நீர் தேங்கி, வற்றி, உப்புப் பூத்துப்போனதால் கண்டல் (அலையாத்தி மரம்) திரும்பி முளைக்கவில்லை. 1990களில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி அலைநீர் ஏறி இறங்க வழிசெய்த பிறகுதான் கன்றுகள் பிடித்தன. பாமணியாறும் கோரையாறும் கொண்டுவரும் நல்ல நீர் எட்டும் ஆண்டில் அவை செழிக்கும். மேட்டூரில் நீர் இல்லாத ஆண்டில் சோர்ந்து நிற்கும். அந்த வாய்க்கால்கள் சேறு அடைத்தால் மறுபடி தூர்வார வேண்டியவை. சங்கத்தில் மண்வெட்டி பிடிக்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டு, முதலில் வனச்சரக அலுவலகத்தில் ஒரு மனுக் கொடுங்கள்.